பின் இருக்கையில் உன் அப்பா

தம்பி,

புக்கிட் பெருந்துங்கில் நீ குடிபோகும் வீட்டின் மாடியில் எனக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருப்பதாகச் சொன்னாய். கிழக்கே சன்னல். சுவரோடு சேர்ந்த புத்தக அலமாரி. படம் அனுப்பினாய். அலமாரியின் அகலத்தைப் பார்த்தேன். என் புத்தகங்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. உன் கல்யாணம் முடிந்த வாரமே வந்துவிட வேண்டும் என்றாய். அப்பாவுக்கு ரவாங்கில் ஒரு முதியோர் இல்லம் பார்த்திருப்பதாகவும், நம் ஆட்கள் நடத்துவது, தாதி உண்டு, சாப்பாடு நன்றாக இருக்கும் என்றும் சொன்னாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். நான் வரவில்லை.

இதைப் போனில் சொல்ல முடியாது. போனில் நாம் ஆங்கிலத்தில் பேசுவோம். ஆங்கிலத்தில் பேசினால் நீ என்னைச் சம்மதிக்க வைத்துவிடுவாய். சம்மதிக்க ஆசைப்படுகிற ஒருத்தியைச் சம்மதிக்க வைப்பது சுலபம். அதனால் தமிழில் எழுதுகிறேன். எழுதி ஞாயிற்றுப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன் அப்பா அந்தப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்புவரை ஒரு வரி விடாமல் படிப்பார். அவரும் இதைப் படிக்க வேண்டும். உனக்கு மட்டும் எழுதினால் அது மறுபடியும் நம் இருவருக்கு மட்டுமான பேச்சாகிவிடும். பெயர் போடாவிட்டாலும் நம் ஊர் ஈஜோக்கில் நம்மைத் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். உன் வருங்கால மனைவியின் பெயரைத் தேவிகா என்று மாற்றியிருக்கிறேன். அது அவளுக்குச் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை. உனக்கு வெட்கமாக இருக்கும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

கலும்பாங்கில் உன் நிச்சயத்தன்று நடந்ததை நீ மறந்திருப்பாய். எனக்கு அது மறக்கவில்லை. தேவிகா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, இரண்டு பக்கத்துத் தட்டுகளையும் வரிசையாக வைத்திருந்தார்கள். கோயில் பண்டாரம் நிமிர்ந்து பார்த்து, "மாப்பிள்ளையோட அப்பா அம்மா, ஜோடியா வந்து உக்காருங்க" என்றார். நான் எழுந்தேன். என் பக்கத்திலிருந்து நீயும் எழுந்தாய். நாம் இரண்டு பேரும் பாயில் போய் உட்கார்ந்தோம். தட்டின் ஒரு விளிம்பை நான் பிடித்தேன், மறு விளிம்பை நீ பிடித்தாய். தூக்கியும்விட்டோம்.

முதலில் சிரித்தது தேவிகாவின் அத்தை. "அட, மாப்பிள்ளைக்கு ஏற்கனவே ஜோடி இருக்கு போல. அப்புறம் நம்ம பொண்ணு எதுக்கு லா?"

கூடமே சிரித்தது. பண்டாரமும் விடவில்லை. "தம்பி, எந்திரிங்க. ஒங்க டேர்ன் அடுத்த மாசம்." மறுபடி சிரிப்பு. நீ காது சிவக்க எழுந்து போனாய். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் நான்.

உன் அப்பா காற்றாடிக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். இனிப்பு நீர் நோய் வந்து வலது காலின் விரல்களை எடுத்த பிறகு அவர் எழுந்திருக்க நேரமாகும். முதலில் கைத்தடியைத் தேட வேண்டும், பிறகு இடது காலில் பாரத்தை வைக்க வேண்டும். பண்டாரம் கூப்பிட்டதும் அவர் தடியைத் தேடியிருக்கிறார். நான் திரும்பிப் பார்த்தபோது பாதி எழுந்த நிலையிலிருந்து மறுபடி உட்கார்ந்துகொண்டிருந்தார். "பரவால்ல, அவங்களே குடுக்கட்டும்" என்றார், யாரிடம் என்று இல்லாமல். பண்டாரம் என்னைப் பார்த்தார். என் ஒரு வார்த்தைக்காகத்தான் பார்த்தார். வாங்க என்று நான் கூப்பிட்டிருந்தால் உன் அப்பா வந்திருப்பார். நான் கூப்பிடவில்லை. புருஷன் அதே கூடத்தில் உட்கார்ந்திருக்க, ஒற்றை ஆளாகத் தட்டை நீட்டினேன். தேவிகாவின் அம்மா வாங்கத் தயங்கினார். அந்தத் தயக்கத்தை நான் பார்த்தேன். தேவிகா உன்னையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாம் யோசித்துச் செய்திருந்தால் அது வெறும் மரியாதைக் குறைவு. நாம் யோசிக்கவே இல்லை. அப்பா அம்மா என்று கூப்பிட்டதும் நம் இரண்டு உடம்புகளும் எழுந்துகொண்டன. உன் பள்ளிக்கூடத்துக்கு, வங்கிக்கு, கிளினிக்குக்கு, வீடு மாற்றும் காரியத்துக்கு, எல்லாவற்றுக்கும் நாம்தானே போனோம். பழக்கம் என்று நீ சொல்வாய். நானும் அன்று அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது நீ காரை ஓட்டினாய். நான் முன்னால், அப்பா பின்னால். எப்போதும் அப்படித்தான். கால் நீட்ட வசதியாக இருக்கும் என்று ஒரு காரணம் வைத்திருக்கிறோம். பின் இருக்கையில் கால் நீட்ட எங்கே இடம்? செரண்டா தாண்டியதும் அவர் சொன்னார்: "பத்து ஆராங் வழியா போனா ஜாம் இருக்காது." நீ பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அப்போதுதான் நீ அந்த இல்லத்தைப் பற்றிய பேச்சை எடுத்தாய். ஆங்கிலத்தில். நாம் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

அங்கே அவருக்கு ஒரு குறையும் இருக்காது, சாப்பாடும் டிவியும் இருந்தால் போதும் அவருக்கு, என்றாய். அவர் கத்துவார், என்றேன். ஒரு வாரம் கத்துவார், பிறகு பழகிவிடும், என்றாய். சனிக்கிழமைகளில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், என்றேன். மாதம் ஒருமுறை போனால் போதாதா, என்றாய். நான் சிரித்தேன்.

ஆங்கிலத்தில் அது ஒரு பொறுப்பான பேச்சுபோல இருந்தது. மருத்துவர்கள் பேசுவதுபோல. இப்போது தமிழில் எழுதிப் படித்துப் பார்க்கிறேன். கறவை நின்ற மாட்டை என்ன செய்வது என்று பேசியதுபோல இருக்கிறது. மாடு பின் இருக்கையில் உட்கார்ந்து சன்னல் வழியாகச் செம்பனை வரிசைகளைப் பார்த்துக்கொண்டு வந்தது.

மறுநாள் அந்த நாவலைத் தேடி எடுத்தேன். உனக்கு நினைவிருக்கும். நான் பாலர் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே பட்டப்படிப்புப் படித்த காலம். சனிக்கிழமைகளில் ஷா ஆலாம் வகுப்பு. நீ படிவம் இரண்டு. சமையலறை மேசையின் ஒரு பக்கம் உன் கணக்கு, மறு பக்கம் என் நாவல். அதில் ஒரு தாய்க்கும் மகனுக்கும் இடையே இருந்த பிணைப்பை உளப்பகுப்பாய்வு முறையில் வாசித்து எழுத வேண்டும். அதுதான் எனக்குக் கொடுத்த வேலை. எனக்கு ஆங்கிலத்தில் தடுக்கிய இடங்களை நீ படித்துக் காட்டினாய். உனக்கு வாழ்க்கையில் தடுக்கிய இடங்களை நான் விளக்கினேன். பதினான்கு வயதுப் பையனுக்கு, மகனைத் தன் ஆண்துணையாக்கிக்கொண்ட ஒரு தாயின் கதையை, அந்தத் தாயே விளக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அது தெரியவில்லை. கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது.

கதை கடலோர ஊர் ஒன்றில் நடக்கிறது. தாய் தையற்கடை வைத்திருப்பவள். கெட்டிக்காரி, கணவனைவிட ஒரு படி மேலே பிறந்தவள், அதை மறக்காதவள். மகன் ஒரு பெண்ணை வீட்டுக்கு அழைத்து வருகிறான். தாய் மறுக்கவில்லை. அன்பாகப் பேசுகிறாள், கல்யாண உடையைத் தானே தைத்துத் தருவதாகச் சொல்கிறாள். தைக்கிறாள். ஊரே வியக்கும் அழகு. போட்டுப் பார்க்கும்போது பெண்ணால் மூச்சு விட முடியவில்லை. அளவு தப்பியிருக்கிறது. ஆயிரம் உடை தைத்தவளுக்கு இந்த ஓர் உடையில் அளவு தப்பியிருக்கிறது. வேண்டுமென்றே செய்தாளா என்று நாவல் சொல்வதில்லை. அவளுக்கே தெரியாது, அவள் கைக்குத் தெரிந்திருந்தது என்று நான் எழுதினேன். அந்த வரியை உனக்குப் படித்துக் காட்டியபோது நீ கை தட்டினாய்.

கட்டுரையைத் திருப்பித் தரும்போது விரிவுரையாளர், நெற்றிவரை இறுக்கமாகத் தூடோங் முக்காடு அணிந்த ஒரு மலாய்ப் பெண்மணி, என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார். "எல்லாம் நன்றாக இருக்கிறது. அப்பா எங்கே?" நாவலில் அவர் அதிகம் வருவதில்லை, என்றேன். "வருகிறார். திரும்பப் படித்துப் பாருங்கள்." எனக்கு ரோஷம் வந்தது. வீட்டுக்கு வந்து உன்னிடம்தான் சொன்னேன். "அவங்களுக்குப் புரியல மா" என்றாய். நாம் சிரித்தோம். உன் அப்பா வெளியே லோரியின் சக்கரத்தை மாற்றிக்கொண்டிருந்தார். சமையலறைச் சன்னல் திறந்துதான் இருந்தது.

நிச்சயத்துக்கு மறுநாள் அந்த நாவலைத் திரும்பப் படித்தேன். அப்பா எல்லா அத்தியாயத்திலும் வருகிறார். ரயில் பாதையில் சைகை விளக்கு பார்க்கும் வேலை. பேசமாட்டார். கதவருகே நிற்கிறார், மனைவியின் கத்தரிக்கோலைத் தீட்டித் தருகிறார், மகனின் சப்பாத்தைத் துடைத்து வைக்கிறார். கல்யாணத்தன்று காலையில் எல்லோரும் எழுவதற்கு முன்னால் அந்த உடையை எடுத்து, பக்கத் தையலைப் பிரித்து, பெண் மூச்சு விடும் அளவுக்குத் தளர்த்தி, தன் முரட்டுக் கையால் மறுபடி தைத்து வைப்பவர் அவர்தான். மூன்று பக்கம் அது. என் புத்தகத்தில் அந்த மூன்று பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை. மற்றப் பக்கங்களில் பென்சில் கோடும் குறிப்பும் நிறைந்திருக்கின்றன. நான் கண்ணால் படித்திருக்கிறேன். பார்த்திருக்கவில்லை.

உளப்பகுப்பாய்வு நூல்களில் ஒரு விஷயம் பல விதமாக வரும். ஒரு பிள்ளைக்குத் தகப்பன் எப்படிப்பட்டவன் என்பதைத் தகப்பன் மட்டும் தீர்மானிப்பதில்லை. அவனைப் பற்றித் தாய் எந்தக் குரலில் பேசுகிறாள் என்பதும் தீர்மானிக்கிறது. இதையும் நான் கட்டுரையில் எழுதினேன். கூடவே ஒரு தப்பிக்கும் வழியும் வைத்தேன். இந்த நூல்கள் ஆளுக்கோர் அறை உள்ள வீடுகளில் வாழ்ந்தவர்களைப் பார்த்து எழுதப்பட்டவை, தோட்டத்து லயத்தில் ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்த நம் குடும்பங்களுக்குப் பொருந்தாது என்று. அதுவும் பாதி உண்மைதான். லயத்தில் யார் பக்கத்தில் யார் படுத்தார்கள் என்பது மனத்தின் காரியமல்ல, இடத்தின் காரியம். ஆனால் நாம் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்தோம். அறைகள் வந்தன. அப்போதும் உன் மெத்தை என் அறையில்தான் கிடந்தது. உன் அப்பாவின் பாய் கூடத்தில் கிடந்தது. அதற்கு இடம் காரணமல்ல.

காரணம் உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய். லயத்தில் இருந்தபோது அவர் என்னை அடித்தார். நீ எட்டு வயதில் பேட்மின்டன் மட்டையைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்து நின்றாய். உன் நினைவில் கதை அங்கே தொடங்குகிறது. அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். அன்று மில்லில் அவர் லோரியில் கொண்டுபோன செம்பனைக் குலைகளைப் பழுக்காத காய் என்று சொல்லித் திருப்பியிருந்தார்கள். கணக்கெழுதும் கிராணி எல்லோர் முன்னாலும் திட்டியிருக்கிறான். குடித்துவிட்டு வந்தார். வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்கும்படி நான் சொன்னேன்: "படிச்சிருந்தா ஏன் ஒரு கிராணி கையில பேச்சு வாங்கணும்? என்னைக் கட்டுறதுக்கு ஒனக்கு என்ன தகுதி இருந்துச்சு?" அதன் பிறகுதான் கை வந்தது. அடித்தது தப்பு. சொல்லுக்கு அடி பதிலாகாது. அதற்காக நான் அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை; இந்தக் கடிதத்திலும் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் வெளியே போன பிறகு நான் செய்தது ஒன்று உண்டு. உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஒனக்கு இருக்கற தைரியம் ஒங்கப்பனுக்கு இல்ல. நீதான்டா எனக்கு ஆம்பள" என்றேன். உன் முகம் மலர்ந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

அவர் அடித்தது ஒரு தடவை. நான் அதைச் சொன்னது தினமும், வேறு வேறு வார்த்தைகளில். "ஒங்கப்பன மாதிரி ஆயிடாத." "அவருக்கு என்ன தெரியும், விடு." அந்த வருஷக் கடைசியில் அவர் குடியை விட்டுவிட்டார். உனக்குத் தெரியுமா? தெரியாது. நான் சொல்லவில்லை. நீ படிவம் ஐந்து முடிக்கும்வரை நான் அவரைக் குடிகாரர் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். நீ அவர் பக்கத்தில் போகாததால் வாசனை இல்லை என்பதும் உனக்குத் தெரியவில்லை. நீ அவரை வெறுப்பது நீயாகக் கண்டுபிடித்த வெறுப்பு அல்ல, தம்பி. அது என்னுடையது. எனக்கு அதைச் சுமக்கக் கனமாக இருந்தது. உன் தோளில் ஏற்றினேன்.

ஆங்கிலமும் அப்படித்தான் வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டுமானால் ஆங்கிலம் வேண்டும். வீட்டில் பேசினால்தான் வரும். எல்லாத் தாய்மார்களும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். அது பொய்யல்ல. உனக்கு வேலை கிடைத்தது அதனால்தான். ஆனால் அவர் வாசல்படியில் கால் வைத்ததும் நாம் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறியதற்கு உன் எதிர்காலம் காரணமல்ல. அவர் தட்டைப் போட்டுச் சாப்பிடுவார், நாம் அவர் தலைக்கு மேல் பேசிக்கொள்வோம். சில சமயம் நாம் சிரிக்கும்போது அவரும் சிரிப்பார். எதற்கென்று தெரியாமல். அது எனக்கு இன்னும் சிரிப்பாக இருந்தது.

இந்த வாரம் அவர் காலுக்குக் கட்டு மாற்றும்போது பேச்சை எடுத்தேன்.

"நான் தம்பி வீட்டுக்குப் போகல."

"போயேன். யாரு வேணாம்னா?"

"ஒங்கள ரவாங்ல..."

"தெரியும். கார்ல பேசுனீங்க." பஞ்சு பட்டதும் காலை இழுத்துக்கொண்டார். "இந்த வீட்டுல இங்கிலீஷ்ல 'ஹீ'ன்னா நான்தானே. அது தெரிய யுனிவர்சிட்டி போகணுமா?"

நான் புதுப் பஞ்சை எடுத்து மருந்தில் நனைத்தேன்.

"அந்த எடம் நல்ல எடம்தான்" என்றார். "கூட லோரி ஓட்டுன சின்னையா அங்கதான் கெடந்து செத்தான். டிவி பெருசு."

"அன்னைக்கே ஏன் ஒன்னும் சொல்லல?"

"எங்க சொல்றது? பத்து ஆராங் வழியா போன்னு சொன்னதுக்கே பதில் இல்ல."

"நான் இங்கதான் இருக்கப் போறேன்."

"இரு. இல்ல போ. எனக்கு ரெண்டும் ஒன்னுதான், புள்ள." கோபம் இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். "கட்டு மட்டும் கிளினிக்ல போட்டுக்குவேன்."

அதனால் அப்பாவுக்காக நான் இங்கே இருக்கிறேன் என்று நினைத்து மனம் உருகிவிடாதே. அவருக்கு நான் வேண்டாம். வேண்டாமென்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. வயதான காலத்தில் இருவரும் ஒருவரையொருவர் கண்டுபிடித்தோம் என்று முடிகிற கதைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. காலையில் அவர் பத்திரிகை படிக்கிறார், நான் தேநீர் வைக்கிறேன். அவர் குடிக்கிறார். கோப்பையைக் கழுவி வைத்துவிடுகிறார், நான் கழுவும்படி ஆகிவிடக் கூடாது என்பதுபோல.

நான் வராததற்குக் காரணம் தேவிகா. கட்டு மாற்றிய அன்று மாலை கூப்பிட்டாள். முதலில் உன் அப்பாவின் காலைப் பற்றி விசாரித்தாள். அவள் சொல்லித்தான் ஒன்று தெரிந்தது. நிச்சயத்துக்கு மறுநாள் உன் அப்பா கலும்பாங்குக்குப் போன் செய்து, கால் வலியால்தான் எழுந்திருக்க முடியவில்லை, தட்டு விஷயத்தைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், என் வீட்டுக்காரி மேல் குறை இல்லை என்று அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தேவிகாவின் அம்மா அதற்குப் பிறகுதான் சமாதானமானாராம்.

பிறகு அவள், "அத்தை, ஒன்னு கேக்கலாமா? தப்பா நெனச்சிக்காதீங்க" என்றாள்.

"கேளு மா."

"மேல் ரூம் ஒங்களுக்குன்னு சொன்னாரு. எனக்கு ஓகேதான். ஒங்கள எனக்குப் பிடிக்கும்." பின்னால் தொழிற்சாலைப் பேருந்தின் சத்தம் கேட்டது. "நாங்க சண்ட போட்டா அவரு எந்த ரூமுக்குப் போவாரு?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தாள். இங்கே மழை வருகிறது, துணி எடுக்க வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மழை வரவில்லை.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். உனக்கும் தெரியும். நீ மாடிப்படி ஏறி வருவாய். நான் கதவைத் திறந்து வைத்திருப்பேன். என்ன நடந்தது என்று கேட்கமாட்டேன். அவ்வளவு பண்பு எனக்கு உண்டு. தேநீர் தருவேன். அவளைப் பற்றி ஒரு குறை சொல்லமாட்டேன். "பாவம், அவ வேற மாதிரி வளர்ந்தவ" என்பேன், ஆங்கிலத்தில், மெதுவாக, அன்பாக. அது போதும். அவள் கீழே கூடத்தில் இருப்பாள். நீ காலையில் இறங்கிப் போகும்போது உனக்குள் ஒரு தையல் இறுகியிருக்கும். ஏன் என்று உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்வேன். இதை நான் கற்பனை செய்து எழுதவில்லை. இதைச் செய்து பழகிய கை என்னுடையது. இதைவிடக் கேவலமான ஒன்றும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அந்த அலமாரியின் படத்தைப் பார்த்தபோது எனக்குள் முதலில் வந்தது புத்தகங்களின் நினைப்பு அல்ல. உங்களுக்குள் முதல் சண்டை எப்போது வரும் என்ற நினைப்பு. ஆவலாக இருந்தது, தம்பி. உன் கல்யாணத்துக்கு முன்பே உன் சண்டைக்காக நான் காத்திருக்கத் தொடங்கியிருந்தேன்.

அறிவுரை என்று எனக்கு அதிகம் இல்லை. அப்பாவிடம் அன்பாக இரு என்று சொல்லமாட்டேன். அன்பைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. அந்தக் கட்டளையை இட எனக்குத்தான் கொஞ்சமும் தகுதி இல்லை. அவரைப் பற்றி உனக்கு நான் சொன்ன எதையும் நம்பாதே என்றுதான் சொல்கிறேன். இந்தக் கடிதத்தில் நான் சொல்வதையும் சேர்த்து. நீயாகப் போய்ப் பார்த்து, அப்போதும் உனக்கு அவரைப் பிடிக்காவிட்டால் அது உன் சொந்த முடிவு. அதை நான் மதிப்பேன். அவர் உன்னோடு பேசாமலும் போகலாம். அதற்கும் அவருக்கு உரிமை உண்டு. அவர் எந்த இல்லத்துக்கும் போகவில்லை. போக வேண்டுமானால் அவரே சொல்வார், தமிழில், நம் முகத்தைப் பார்த்து.

கல்யாணத்துக்கு வருவேன். பண்டாரம் மாப்பிள்ளையின் அப்பா அம்மாவைக் கூப்பிடும்போது அவர் எழுந்திருக்கும்வரை நான் நின்று காத்திருப்பேன். நேரமாகும். சபை பார்க்கட்டும். ஒருவேளை இந்தப் பத்திரிகையைப் படித்த பிறகு அவர் வரவே மறுக்கலாம். அப்போது நான் பாயில் உட்காரமாட்டேன். உன் சித்தப்பாவும் சித்தியும் ஜோடியாக உட்காரட்டும். நான் எழுந்ததும் நீயும் எழுந்துவிடாதே.

இனி தினமும் என்னைக் கூப்பிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போதும். நான் கூப்பிட்டாலும் எல்லா நேரமும் எடுக்காதே. இந்த வரியை எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது. இதை அடித்துவிட்டுத்தான் முதலில் அனுப்புவதாக இருந்தேன்.

இதைப் படித்ததும் உனக்கு முதலில் அப்பா மேல்தான் கோபம் வரும். அவர் ஏதோ சொல்லி என்னை மாற்றிவிட்டார் என்று தோன்றும். உன் கோபத்துக்கு அந்த வழி பழகிப்போனது. நான் வெட்டிக்கொடுத்த வாய்க்கால் அது. கொஞ்சம் நின்று பார். உனக்கு என்மேல் கோபமே வந்ததில்லை. மற்றப் பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு தாயைத் திட்டும் வயதில் நீ எனக்குக் கட்டுரை தட்டச்சு செய்து கொடுத்தாய். அதைப் பாலர் பள்ளியில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். அன்றைக்கே நான் பயந்திருக்க வேண்டும்.

உனக்குக் கோபப்படக் காரணம் இருக்கிறது. உன்னிடம் கேட்காமல் உன்னை எடுத்துக்கொண்டேன். இப்போது உன்னிடம் கேட்காமல் ஊர் பார்க்க விடுகிறேன். இரண்டுக்கும் சேர்த்துக் கோபப்படு. அந்தக் கோபத்தை என்னிடம் கொண்டு வராதே. வந்தால் நான் அழுவேன், நீ சமாதானம் சொல்வாய், எல்லாம் பழையபடி ஆகிவிடும். தேவிகாவிடம் போ. எங்கம்மா எனக்கு இப்படிச் செய்துவிட்டாள் என்று அவளிடம் என்னைப் பற்றிக் குறை சொல். உங்கள் சமையலறையில் நின்று, சத்தமாக, முடியும்வரை சொல். அவள் கேட்பாள். நான் அங்கே இருக்கமாட்டேன்.

அம்மா